குட்டீஸோட தீம் பார்க் ட்ரிப்பா? வயசை விடுங்க... உயரத்தை அளங்க! ஓசூர் பெற்றோருக்கான முழு கைடு

சிப்காட்டில் ஷிப்ட் வேலை. வாரத்துக்கு ஒரு நாள் ஆஃப். வீட்டில் ஏழு வயசில் ஒன்று, நாலு வயசில் ஒன்று என இரண்டு வாண்டுகள். ஜூஜூவாடி, கெலவரப்பள்ளி, பாகலூர் பக்கம் குடியிருக்கும் பல குடும்பங்களின் கதை இதுதான். ஸ்கூல் லீவு விட்டதுமே வாண்டுகளின் நச்சரிப்பும் ஆரம்பித்துவிடும். "எப்பப்பா வொண்டர்லா கூட்டிட்டுப் போவ?"

பெங்களூரு - மைசூரு சாலையில் பிடதிக்குப் பக்கத்தில் இருக்கும் வொண்டர்லா, ஓசூரிலிருந்து சுமார் 65 கிலோமீட்டர்தான். காலையில் கிளம்பினால் இரவு வீடு திரும்பிவிடலாம். ஆனால், அந்த ஒரு நாளுக்குள் ஒரு நாள் லீவு, மாதச் சம்பளத்தில் ஒரு பகுதி, பல நாள் எதிர்பார்ப்பு எல்லாம் அடங்கியிருக்கிறது. பெரியவன் ரைடில் ஏற, சின்னவளைக் கேட்டில் நிறுத்திவிட்டால் அவள் அழ ஆரம்பிப்பாள். அப்புறம் அம்மா அப்பாவுக்குள் சண்டை வரும். மொத்த நாளும் காலி.

இதைத் தவிர்க்க ஒரே ஒரு ரூல் போதும். வீட்டில் இருப்பவர்களில் யார் ரொம்பச் சின்னவரோ, அவருக்கு ஏற்ற மாதிரி அந்த நாளைத் திட்டமிடுங்க. மற்ற எல்லாம் தானாகச் சரியாகும். எப்படி என்று ஸ்டெப் பை ஸ்டெப்பாகப் பார்க்கலாம்.

முதல் வேலை: இன்ச் டேப் எடுங்க

தீம் பார்க்குகளில் பெரும்பாலும் குழந்தையின் வயசைக் கேட்க மாட்டார்கள். உயரத்தைத்தான் பார்ப்பார்கள். டிக்கெட், ரைடு அனுமதி இரண்டுமே உயரத்தை வைத்துத்தான். வொண்டர்லாவில் 85 செ.மீ-க்குக் கீழ் இருக்கும் குழந்தைக்கு டிக்கெட் இல்லை. 85 முதல் 140 செ.மீ வரை குழந்தை டிக்கெட், அதற்கு மேல் பெரியவர் டிக்கெட். விதிகள் அவ்வப்போது மாறலாம் என்பதால், புக் செய்யும் அன்று அவர்களுடைய இணையதளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்க.

உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி, சராசரியாக 2 வயதில் ஒரு குழந்தை 86 செ.மீ-யை ஒட்டி இருக்கும். 3 வயதில் சுமார் 95, 4 வயதில் சுமார் 103, 5 வயதில் சுமார் 110, 6 வயதில் சுமார் 115 செ.மீ. 140 செ.மீ தொடுவதற்குப் பத்து வயது தாண்டிவிடும். அதாவது, விளம்பரத்தில் தலைகீழாகச் சுற்றுகிறதே அந்தப் பெரிய ரைடுகள், அவை உங்கள் நாலு வயசுக் குழந்தைக்கு இன்னும் ஆறு வருஷத்துக்கு இல்லை.

'கொஞ்சம்தானே குறையுது, கேட்டுப் பார்ப்போம்' என்று ஆபரேட்டரிடம் மல்லுக்கட்டாதீங்க. ரைடில் தோளையும் இடுப்பையும் பிடித்துக்கொள்ளும் கம்பி, பெல்ட் எல்லாம் குறிப்பிட்ட உடல் அளவுக்காகச் செய்யப்பட்டவை. உயரம் குறைவான குழந்தையின் உடல் அந்தக் கம்பிக்கு அடியில் வழுக்கி வெளியே வந்துவிடலாம். கேட்டில் நிறுத்துபவர் உங்கள் குழந்தையைக் காப்பாற்றத்தான் நிறுத்துகிறார்.

செருப்பு இல்லாமல், குதிகால் சுவரில் படும்படி நிற்கவைத்து அளந்து, சுவரில் பென்சிலால் ஒரு கோடு போடுங்க. தேதியும் எழுதுங்க. கூடவே, "இந்த உயரத்துக்கு இந்த ரைடுதான், அண்ணன் ஏறுற அந்தப் பெரிய ரைடு உனக்கு அப்புறம்" என்று வீட்டிலேயே சொல்லிவிடுங்க. முன்பே தெரிந்த ஏமாற்றத்துக்குக் குழந்தை அவ்வளவாக அழாது. திடீரென்று கேட்டில் வரும் ஏமாற்றத்துக்குத்தான் தரையில் புரளும்.

எந்தக் குழந்தைக்கு எந்த இடம்?

*மூன்று வயதுக்குக் கீழே:* தீம் பார்க்கைத் தள்ளிப்போடலாம். இந்த வயதில் சத்தமும் கூட்டமும் பயத்தைத்தான் கொடுக்கும். இதற்குப் பன்னர்கட்டா உயிரியல் பூங்கா நல்ல சாய்ஸ். ஆனேக்கல், ஜிகினி வழியாகப் போனால் பெங்களூரு நகர டிராஃபிக்கில் மாட்ட வேண்டியதில்லை. சிங்கம், புலி, கரடி பார்க்கும் சஃபாரியில் குழந்தை உங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும். பட்டாம்பூச்சிப் பூங்காவும் உண்டு. செவ்வாய்க்கிழமை விடுமுறை. உங்கள் வீக் ஆஃப் செவ்வாயாக இருந்தால் இதை மறந்துடாதீங்க.

*மூன்று முதல் ஆறு வரை:* வொண்டர்லா போகலாம். ஆனால் குழந்தைகளுக்கான ரைடுகள், ஆழமில்லாத தண்ணீர் விளையாட்டு, இவைதான் அன்றைய நிகழ்ச்சி. 2005-ல் திறந்த இந்தப் பூங்காவில் 60-க்கும் மேற்பட்ட ரைடுகள் இருக்கின்றன. எல்லாவற்றையும் பார்த்தே தீரணும் என்று நினைத்தால் எதையும் அனுபவிக்க முடியாது. குழந்தைக்குப் பிடித்த நாலைந்தைத் திரும்பத் திரும்ப விளையாட விட்டாலே போதும்.

*ஏழு வயதுக்கு மேலே:* முழு நாள் தாங்குவார்கள். நடுத்தர ரைடுகள் பலவும் திறக்கும்.

சென்னை பக்கம் திருப்போரூர் அருகே இள்ளலூரிலும் 2025 டிசம்பரில் ஒரு வொண்டர்லா வந்துவிட்டது. ஆனால் ஓசூரிலிருந்து அது ஒரே நாளில் போய்வரும் தூரம் இல்லை. சென்னையில் சொந்தக்காரர் வீடு இருந்தால், ஊருக்குப் போகும்போது சேர்த்துக்கொள்ளலாம்.

ஒரு ரிகர்சல் பார்த்துடுங்க

பெரிய ட்ரிப்புக்கு முன்னால் ஒரு மாலை, கெலவரப்பள்ளி அணைப் பக்கம் கூட்டிட்டுப் போங்க. கிருஷ்ணகிரி பக்கம் இருப்பவர்களுக்கு கே.ஆர்.பி அணைப் பூங்கா இருக்கிறது. குழந்தை எவ்வளவு நேரம் நடக்கிறது, எப்போது 'தூக்கு' என்கிறது, கூட்டத்தில் கையை உதறிவிட்டு ஓடுகிறதா, வெளியில் கழிவறை போக மறுக்கிறதா என்று கவனியுங்க. இரண்டு மணி நேரத்தில் தெரிவதுதான் எட்டு மணி நேரத்திலும் நடக்கும்.

ஒரு எச்சரிக்கை. கெலவரப்பள்ளி அணைக்குத் தென்பெண்ணையில் வரும் தண்ணீரில், பெங்களூரு பக்கத்துக் கழிவுகள் கலந்து நுரை பொங்குவது அடிக்கடி செய்தியாகிறது. வெள்ளை வெளேரென்று நுரை பார்க்கக் குழந்தைகளுக்கு ஆசையாக இருக்கும். தொட விடாதீங்க. தண்ணீரில் இறக்கவே வேண்டாம். தூரத்திலிருந்து பார்ப்பதோடு சரி.

எந்த நாள் போகலாம்?

ஷிப்ட் வேலையில் இருப்பவர்களுக்கு இங்கே ஒரு அட்வான்டேஜ். வீக் ஆஃப் செவ்வாய், புதன் என்று வந்தால் அதுதான் தங்கமான நாள். வார நாளில் கூட்டம் குறைவு, டிக்கெட்டும் வார இறுதியைவிடக் குறைவாக இருக்கும். எல்.கே.ஜி, யு.கே.ஜி குழந்தை என்றால் ஒரு நாள் லீவு போடுவதில் பெரிய நஷ்டம் இல்லை.

அடுத்த டிப்ஸ், எல்லையில் வாழ்பவர்களுக்கு மட்டுமே கைகொடுப்பது. பார்க் இருப்பது கர்நாடகாவில். அதனால் கர்நாடகாவின் விடுமுறைப் பட்டியலைப் பாருங்க. நமக்கு மாட்டுப் பொங்கல், காணும் பொங்கல் எல்லாம் லீவு. அங்கே சங்கராந்தி ஒரு நாளோடு முடிந்துவிடும். அந்த நாள்கள் வார நாளாக வந்தால், உங்கள் குழந்தைக்கு லீவு, பெங்களூரு குழந்தைகளுக்கு ஸ்கூல். அதேபோல, நவம்பர் 1 நமக்குச் சாதாரண நாள். கர்நாடகாவில் ராஜ்யோத்சவா விடுமுறை, கூட்டம் அள்ளும். தசரா லீவு, கிறிஸ்துமஸ் வாரம், ஏப்ரல் - மே வார இறுதிகளும் அப்படித்தான்.

ஜனவரியில் போனால் ஒன்றை நினைவில் வையுங்க. பிடதி பக்கம் மாலையில் குளிர்காற்று அடிக்கும். தண்ணீர் விளையாட்டை மூன்று, மூன்றரை மணிக்குள் முடித்துவிடுவது நல்லது.

எப்படிப் போவது?

*கார்:* அத்திப்பள்ளி தாண்டி ஓசூர் ரோட்டிலேயே எலெக்ட்ரானிக் சிட்டி வரை போய், நைஸ் ரோட்டில் ஏறினால் நேராக மைசூரு ரோட்டில் இறங்கலாம். சுங்கம் கட்ட வேண்டும். ஆனால் சில்க் போர்டு டிராஃபிக்கில் குழந்தை வாந்தி எடுப்பதைவிட அது மேல். காலை எலெக்ட்ரானிக் சிட்டி ஆபீஸ் நெரிசல் தொடங்குவதற்கு முன் அந்தப் பகுதியைத் தாண்டிவிடப் பாருங்க.

நைட் ஷிப்ட் முடித்த கையோடு ஸ்டீயரிங் பிடிக்கும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. 'போற வழியில் ஒரு டீ குடிச்சா சரியாகிடும்' என்பது பொய். போவதைவிட, நாள் முழுக்க வெயிலில் நின்றுவிட்டுத் திரும்பும் பயணம்தான் ஆபத்து. முந்தின இரவு முழுசாகத் தூங்கியவர் மட்டும் ஓட்டட்டும். இல்லையென்றால் வாடகை கார். தமிழ்நாட்டு வண்டி என்றால் கர்நாடக பர்மிட், வரி எல்லாம் வாடகையில் சேர்ந்ததா, தனியா என்று முதலிலேயே பேசிடுங்க.

*பைக்:* வேண்டாம். 2023 ஆகஸ்ட் முதல் பெங்களூரு - மைசூரு எக்ஸ்பிரஸ்வேயின் பிரதான பாதையில் டூவீலருக்கு அனுமதி இல்லை, சர்வீஸ் ரோட்டில்தான் போக வேண்டும். தவிர, 4 வயதுக்குக் கீழ் உள்ள குழந்தையை டூவீலரில் ஏற்றினால் ஹெல்மெட்டும், ஓட்டுபவரோடு இணைக்கும் பாதுகாப்பு பெல்ட்டும் போட வேண்டும், 40 கி.மீ வேகத்தைத் தாண்டக் கூடாது என்பது மத்திய அரசின் விதி. 65 கிலோமீட்டரை அந்த வேகத்தில் போய்த் திரும்பினால் குழந்தைக்கு மிச்சம் என்ன இருக்கும்?

*பஸ் + மெட்ரோ:* 2025 ஆகஸ்டில் மஞ்சள் லைன் மெட்ரோ வந்த பிறகு இது சுலபமாகிவிட்டது. ஓசூரிலிருந்து பஸ்ஸில் பொம்மசந்திரா. அங்கிருந்து மஞ்சள் லைனில் ஆர்.வி ரோடு, பச்சை லைனில் மெஜஸ்டிக், ஊதா லைனில் சல்லகட்டா. பிறகு பிடதி பக்கம் போகும் பஸ் அல்லது கேப். ஏறி இறங்குவது அதிகம்தான். ஆனால் மெட்ரோ பார்க்காத குழந்தைக்கு அதுவே பாதி ட்ரிப். திரும்பும்போது தூங்கும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு இரண்டு முறை ரயில் மாறணும் என்பதையும் கணக்கில் வையுங்க.

பட்ஜெட்: டிக்கெட் மட்டும் செலவு இல்லை

ஒரு பேப்பரில் இப்படி எழுதிக் கூட்டிப் பாருங்க.

* டிக்கெட்: யார் யார் 140 செ.மீ-க்கு மேல்? எதிலும் ஏறாமல் பெஞ்சில் உட்காரப்போகும் பாட்டிக்கும் டிக்கெட் உண்டு. மூத்த குடிமக்களுக்குச் சலுகை இருக்கிறதா என்று பாருங்க.
* பயணம்: பெட்ரோல், போக வர சுங்கம், பார்க்கிங்.
* சாப்பாடு: வெளியிலிருந்து உணவு கொண்டு போக முடியாது. கைக்குழந்தைக்கான உணவுக்கு என்ன விதி என்று போன் செய்து கேட்டுக்கொள்ளுங்க. மதியச் சாப்பாட்டோடு மாலை டிபனையும் சேர்த்து எழுதுங்க.
* லாக்கர் வாடகை, நீச்சல் உடை.
* ஐஸ்க்ரீம், பொம்மை: குழந்தைக்கு ஒரு தொகை சொல்லிடுங்க. "இதுக்குள்ள எது வேணுமோ நீயே எடு."

டிக்கெட்டை அதிகாரபூர்வ இணையதளத்தில் மட்டும் எடுங்க. வாட்ஸ்அப்பில் வரும் 'பாதி விலை டிக்கெட்' லிங்க்கைத் தொடாதீங்க. க்யூவில் நிற்காமல் போகும் ஃபாஸ்ட் ட்ராக் டிக்கெட், குட்டிக் குழந்தைகளோடு போகும் குடும்பத்துக்குப் பெரிதாகத் தேவைப்படாது. நீளமான க்யூ இருப்பது பெரியவர்களின் ரைடில்தான்.

பையில் என்ன இருக்கணும்?

தண்ணீர் ரைடுகளில் காட்டன் உடை, ஜீன்ஸ், புடவை, சுடிதார் அனுமதிக்க மாட்டார்கள். நைலான், லைக்ரா போன்ற துணியில் உடலை ஒட்டிய உடை வேண்டும். ஓசூர் கடைகளிலேயே வாங்கிவிட்டால் அங்கே போய் அவசரத்தில் அதிக விலை கொடுக்க வேண்டாம். அம்மாக்களுக்கு முழுக்கை டாப்ஸ், முழுநீள லெக்கிங்ஸ் உள்ள நீச்சல் உடைகளும் கிடைக்கின்றன.

டயப்பர் போடும் குழந்தைக்கு 'ஸ்விம் டயப்பர்' அவசியம். சாதாரண டயப்பர் தண்ணீரை உறிஞ்சி ஊதிவிடும். கூடவே டவல், ஆளுக்கு இரண்டு செட் மாற்றுத் துணி, ஈரத்துணி போட பிளாஸ்டிக் கவர், தொப்பி, சன்ஸ்க்ரீன், ஓ.ஆர்.எஸ் பாக்கெட், காய்ச்சல் மருந்து, பேண்டேஜ், வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகள், குழந்தைக்கு ஒரு ஸ்வெட்டர்.

உள்ளே போன பிறகு...

வழக்கமாகத் தண்ணீர் ரைடுகள் மதியத்தை ஒட்டித்தான் திறக்கும். அதனால் இந்த வரிசை நன்றாக வேலை செய்யும்.

1. நுழைந்ததும் மேப் எடுங்க. குழந்தைகள் பகுதி, கழிவறை, முதலுதவி அறை எங்கே என்று பாருங்க.
2. முதல் ஒரு மணி நேரம் சின்னவருக்கான ரைடுகள். வெயில் ஏறுவதற்குள் முடிந்துவிடும்.
3. மதியச் சாப்பாட்டைப் பன்னிரண்டு மணிக்கே முடிங்க. ஒரு மணிக்கு மேல் உணவகத்தில் இடம் பிடிப்பதே ஒரு ரைடு.
4. வழக்கமாக மதியம் தூங்கும் குழந்தையை நிழலில் ஒரு மணி நேரம் தூங்க விடுங்க. 'காசு குடுத்து வந்துட்டுத் தூங்குறதா' என்று எழுப்பினால், மீதி நாலு மணி நேரமும் அழுகைதான்.
5. பிறகு தண்ணீர். அப்புறம் உடை மாற்றி, சூடாக ஏதாவது சாப்பிட்டுக் கிளம்ப வேண்டியதுதான்.

பெரியவர்களுக்கும் ஆசை இருக்கும்தானே? டிஸ்னி பூங்காக்களில் 'ரைடர் ஸ்விட்ச்' என்று ஒரு முறை இருக்கிறது. அப்பா ரைடில் போகும்போது அம்மா குழந்தையோடு இருப்பார். அவர் வந்ததும் அம்மா, மறுபடி முழு க்யூவில் நிற்காமல் போகலாம். இங்கே நீங்களே முறை வைத்துக்கொள்ளுங்க. ஆளுக்கு இரண்டு ரைடு, கட்டாயம் இரண்டு பேருக்கும். பையைப் பிடித்துக்கொண்டு நாள் முழுக்க அம்மா மட்டுமே உட்கார்ந்திருக்கும் ட்ரிப், குடும்ப ட்ரிப் இல்லை. தன் மகள்கள் குடை ராட்டினம் சுற்ற, தான் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோதுதான் பெற்றோரும் குழந்தைகளும் சேர்ந்து விளையாட ஓர் இடம் வேண்டும் என்று வால்ட் டிஸ்னிக்குத் தோன்றியதாம். அதுதான் 1955-ல் டிஸ்னிலேண்ட் ஆனது.

தண்ணீர்: இங்கே மட்டும் நோ காம்ப்ரமைஸ்

உலக அளவில் நீரில் மூழ்கி இறப்போர் விகிதம் அதிகமாக இருப்பது 1 முதல் 4 வயதுக் குழந்தைகளிடம்தான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சினிமாவில் வருவதுபோல் கையை ஆட்டிக் கத்த மாட்டார்கள். சத்தமே இல்லாமல் மூழ்குவார்கள். முழங்கால் அளவு தண்ணீர்கூடப் போதும்.

* சின்னக் குழந்தை எப்போதும் உங்கள் கை எட்டும் தூரத்தில் இருக்கணும்.
* 'நீ பார்த்துக்குவன்னு நெனச்சேன்' என்ற பேச்சே வரக் கூடாது. இப்போது யார் பார்க்கிறார்கள் என்று பெயர் சொல்லி மாற்றிக்கொள்ளுங்க. அவர் கையில் மொபைல் இருக்கக் கூடாது.
* லைஃப் கார்டு இருக்கிறார் என்பதற்காக உங்கள் பொறுப்பு குறையாது.
* குழந்தையை மடியில் வைத்துச் சறுக்காதீங்க. குழந்தையின் கால் ஓரத்தில் மாட்டினால், உங்கள் எடையும் சேர்ந்து தள்ளும். காலில் எலும்பு முறிவு ஏற்பட இது தெரிந்த காரணம்.
* வயிற்றுப்போக்கு இருந்தால் தண்ணீரில் இறக்க வேண்டாம். மற்ற குழந்தைகளுக்கும் பரவும்.
* கர்ப்பிணிகள், இதய நோய், வலிப்பு, முதுகுப் பிரச்னை உள்ளவர்கள் ரைடு வாசலில் இருக்கும் எச்சரிக்கைப் பலகையைப் படிக்காமல் ஏற வேண்டாம்.

கூட்டத்தில் காணாமல் போனால்?

குழந்தையின் கையில் அழியாத பேனாவால் உங்கள் மொபைல் நம்பரை எழுதுங்க. தண்ணீரில் உங்கள் போன் லாக்கரில் இருக்கும் என்பதால், வெளியில் இருக்கும் தாத்தா பாட்டி நம்பரையும் சேர்த்து எழுதுங்க. உள்ளே நுழையும் முன் குழந்தையை அன்றைய உடையில் ஒரு போட்டோ எடுத்து வையுங்க. பளிச்சென்ற ஆரஞ்சு, மஞ்சள் உடை கூட்டத்தில் சட்டென்று தெரியும். நீச்சல் உடைக்கும் இதே விதி. நீல நிறம் தண்ணீரில் தெரியாது.

"அம்மாவைக் காணோம்னா எங்கேயும் ஓடாதே, யூனிஃபார்ம் போட்ட அக்கா, அண்ணன்கிட்ட உன் பேரைச் சொல்லு" என்று சொல்லிக்கொடுங்க. பெற்றோரின் முழுப் பெயரையும் சொல்லப் பழக்குங்க. பெங்களூருவில் 'எங்கம்மா பேரு அம்மா' என்றால் யாருக்கும் உதவாது. குழந்தையைக் காணவில்லை என்றால் தனியாகத் தேடி நேரத்தை வீணாக்காமல், உடனே பக்கத்தில் இருக்கும் ஊழியரிடம் சொல்லுங்க. ஒருவர் அதே இடத்தில் நிற்க, இன்னொருவர் தேடட்டும்.

எப்போது கிளம்புவது?

பார்க் மூடும் நேரத்தில் இல்லை. குழந்தை 'இன்னும் ஒண்ணு' என்று கேட்கும்போதே கிளம்புங்க. சிணுங்கல் தொடங்கிய பிறகு என்றால் தாமதம். நைஸ் ரோட்டைத் தொடுவதற்குள் வாண்டுகள் தூங்கிவிடுவார்கள். அத்திப்பள்ளி நெரிசலை நிம்மதியாகக் கடக்கலாம்.

மறுநாள் காலை, "அந்தப் பெரிய ரைடுல நான் எப்போ ஏறுவேன்?" என்று சின்னவர் கேட்பார். சுவரில் போட்ட பென்சில் கோட்டைக் காட்டுங்க. அதற்கு மேலே 140-ல் இன்னொரு கோடு போட்டு வையுங்க. ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் போய் அளந்து பார்க்கட்டும்!